ஊறப்போட்ட கம்பு

போன மாதம் எங்கள் வீட்டுக்குச் சோலர் விற்க ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் தொங்கும் கம்பனி அட்டை, நல்ல பேச்சு. கரண்ட் பில்லைக் கண்டாலே என் மனைவிக்குத் தலை சுற்றும். ஆகவே அவர் சொன்னதெல்லாம் அவளுக்கு இனித்தது. கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, உச்சி குளிரக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது நெருப்பில்லாத, புகையில்லாத சாமான் காக்கா," என்றார் அவர், எங்கள் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. "சிலிக்கன். சும்மா மண்ணிலயிருந்து எடுக்கிறது. அவ்வளவு சுத்தம்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கிற ஆள் என்று ஊரில் எனக்குப் பெயர். அது பொய்யில்லை.

"தம்பி, சிலிக்கன் செய்யிற இடத்தக் கண்டிருக்கீங்களா?"

"வீடியோவில பாத்திருக்கன் காக்கா. வெள்ளக் கோட்டுப் போட்டு, வாய மூடிக்கிட்டு, கண்ணாடி அறைக்குள்ள வேல செய்வாங்க."

"அது கடைசியில வாற இடம். முதல் இடத்த நான் சொல்றன். தேத்தண்ணிய ஆறுதலாக் குடிங்க."

"தொடங்கிற்றார்," என்று முணுமுணுத்தபடி மனைவி குசினிக்குள் போய்விட்டாள். அந்த மனிதரும் பாதியில் எழும்பிவிட்டார். வேறு வீடுகளும் பார்க்க வேண்டுமாம். சோலர் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் கூரையிலும் ஒரு நாள் ஏறத்தான் போகிறது. நெருப்பில்லை என்று மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். வளைகுடா நாடொன்றில் அந்த நெருப்புக்கு முன்னால் பல வருடம் நின்றுவிட்டு வந்தவன் நான். அவருக்குச் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

கடற்கரை மணலை அள்ளிப் போட்டுச் சிலிக்கன் செய்ய முடியாது. குவாட்ஸ் என்கிற வெள்ளைக் கல் வேண்டும். கரடியனாற்றுப் பக்கம் வயல் வட்டைக்குப் போகிற பாதையில் காலில் இடறுமே, அந்தச் சாதிக் கல்தான், ஆனால் இன்னும் சுத்தமானது. கைக்கு அடங்கும் அளவில் உடைத்துக் கழுவியது. அந்தக் கல்லுக்குள் சிலிக்கனும் ஒட்சிசனும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரிக்கக் கரி வேண்டும். நிலக்கரி, மரக்கரி, அவற்றோடு மரச் சீவல். எல்லாவற்றையும் கலந்து உலைக்குள் மேலிருந்து கொட்டுவார்கள். என் வீட்டை அப்படியே உள்ளே இறக்கிவிடலாம், அவ்வளவு பெரிய உலை. நடுவில் மூன்று கரித்தூண்கள் தொங்கும். இரண்டு கையாலும் அணைத்தாலும் கைக்குள் அடங்காது. அவற்றுக்குள்ளால் மின்சாரம் பாயும். ஒரு பட்டினத்துக்குப் போதுமான கரண்டை அந்த ஒரு உலை குடிக்கும்.

அந்தச் சூட்டில் கரி போய்க் கல்லிடமிருந்து ஒட்சிசனைப் பிடுங்கிக்கொண்டு வாயுவாய் மேலே கிளம்பிவிடும். மிஞ்சுவது உருகிய சிலிக்கன். அது அடியில் தேங்கும். மரச் சீவல் எதற்கென்றால், கலவை இறுகாமல் வாயுவுக்கு வழிவிட. அப்படியிருந்தும் மேலே ஓடு மாதிரி இறுகும். அதை இயந்திரக் கையால் குத்தி உடைக்காவிட்டால் வாயு ஒரு பக்கத்தால் பீறிக்கொண்டு வரும். புகையில்லையாம். மாவு மாதிரி வெள்ளைப் புகை. வடிகட்டி பிடித்ததுபோக மிச்சமெல்லாம் எங்கள் இமையில், தேத்தண்ணிக் கோப்பையில், நான் தொழுகிற பாயில் கிடந்தது.

அடியில் தேங்கியதை வெளியே எடுக்கும் தளத்தில்தான் எனக்கு வேலை. உலையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு துவாரம், களிமண்ணால் அடைத்திருக்கும். மின்சாரம் பாயும் கரிக்கோலால் சுட்டு அதைத் திறந்தால் சிலிக்கன் ஓடிவரும். நேரே பார்க்க முடியாத வெளிச்சம். ஆனால் நல்ல பிள்ளையாய்த் தானாக ஓடாது. கசடு வந்து வழியில் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒருவன் துவாரத்துக்கு முன்னால் நின்று, நீளக் கம்பை உள்ளே விட்டுக் குத்தி, கிண்டி, வழி செய்துகொண்டே இருக்க வேண்டும். இரும்புக் கம்பி விட்டால் இரும்பும் உருகிக் கலந்து சிலிக்கனின் தரம் கெட்டுவிடும். அதனால் மரக்கம்பு. ஓம், வெறும் மரக்கம்பு. உங்கள் கைப்பேசிக்கும் சோலருக்கும் வேண்டியதை இந்தக் காலத்திலும் ஒரு மனிதன் கம்பால் குத்தித்தான் வெளியே எடுக்கிறான். பிறகு அது பெரிய வாளியில் விழும். வாளியின் அடியிலிருந்து ஒட்சிசனை ஊதி மற்ற அழுக்குகளைப் பிரிப்பார்கள். அச்சில் ஊற்றி ஆறவைத்து உடைப்பார்கள். சாம்பல் நிறத்தில் மினுங்கும். பார்க்க அழகுதான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாளியைப் பார்ப்பது என் வேலை. கம்பு பிடித்தவன் ஆரையம்பதித் தம்பி ஒருவன்.

எங்கள் முஸ்லிம் ஊருக்கும் அவனுடைய தமிழ் ஊருக்கும் நடுவே ஒரு வீதிதான் இருக்கிறது. யுத்தம் நடந்த கெட்ட காலத்தில் அந்த வீதியை இரண்டு பக்கத்தாரும் எவ்வளவு அகலமாக்கி வைத்திருந்தோம் என்பது இந்தப் பகுதி ஆட்களுக்குத் தெரியும். ஊரில் நானும் அவனும் முகம் பார்த்ததில்லை. அங்கே போய், ஒரே அறையில், மேல் கட்டிலில் அவனும் கீழ்க் கட்டிலில் நானும் கிடந்தோம். நோன்பு காலத்தில் நான் வேலை முடிந்து வர முன்னமே கஞ்சியைச் சூடாக்கி மூடி வைப்பான். அவனுடைய கோயில் திருவிழாவை வீட்டார் ஊரிலிருந்து கைப்பேசியில் காட்டும்போது நான் சத்தம் போடாமல் படுத்திருப்பேன். அவ்வளவுதான் எங்கள் ஒற்றுமை, பெரிதாய்ச் சொல்ல ஒன்றுமில்லை.

அவன் மட்டக்களப்பு வாவியில் தோணி தள்ளிப் பழகியவன். சேற்றில் கம்பு ஊன்றித் தள்ளுகிறவனுக்கு, நுனியில் தட்டுப்படுவது சேறா, கல்லா, வேரா என்று கை சொல்லிவிடும். உலைக்குள் கண்ணால் ஒன்றும் பார்க்க முடியாது. ஆகவே அந்தக் கை அங்கே உதவியது. எங்கள் தளத்துக்குப் பொறுப்பான போர்மன் அவனைக் கம்பிலிருந்து மாற்றவே இல்லை.

கம்புகள் எங்கிருந்தோ கப்பலில் வரும். அந்த ஊர் வெயிலில் கிடந்து சுள்ளியாய்க் காய்ந்துவிடும். உள்ளே விட்டதும் பற்றிக்கொண்டு கரையும். உலையை ஒரு தடவை திறந்து மூட ஒரு கட்டுக் கம்பு போய்விடும். எங்கள் வாவிக்கரையில் தோணிக்குப் புதுக் கம்பு வெட்டினால் உடனே பாவிக்க மாட்டார்கள், சேற்றில் அமிழ்த்தி ஊறப்போடுவார்கள். ஊறின கம்பு வெடிக்காது, புழு அரிக்காது, நின்று பிடிக்கும். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவன் கண்ட பழக்கம். அங்கேயும் ஒரு நாள் கம்புகளைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறக்கினான்.

"என்ன தம்பி, கம்பக் குளிப்பாட்டுறியா?" என்று கேலி பண்ணினேன்.

"பாருங்க காக்கா, மறுகா சிரிங்க," என்றான்.

ஊறின கம்பு நின்றுதான் பிடித்தது. சீக்கிரம் எரியவில்லை. உள்ளே போனதும் ஆவி கிளம்பிக் கசடைக் கிளறியும் விட்டது. போர்மன் வந்து பார்த்தார். அவன் தோளில் தட்டினார். மற்ற ஷிப்ட் ஆட்களுக்கும் காட்டிக் கொடு என்றார். பிறகு தளத்துக்குப் பக்கத்திலேயே நீளமாய் ஒரு இரும்புத் தொட்டி ஒட்டுவித்து, தண்ணீர்க் குழாயும் பூட்டுவித்தார். எல்லா ஷிப்டும் அதில்தான் கம்பு ஊறப்போட்டது. கூட்டத்தில் மேலதிகாரிகளுக்கு முன்னால் "எங்களுடைய புது முறை" என்று அவர் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். எங்களுடைய என்றார். அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே, உருகியதும் தண்ணீரும் சேரக்கூடாது என்பது. அச்சில் ஈரம் இருந்தால் ஊற்ற விடமாட்டார்கள். அதே ஆட்கள், படித்த ஆட்கள், உலைக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் கம்பு ஊறுவதைப் பார்த்துக்கொண்டு தினமும் நடந்து போனார்கள். கம்பு மிச்சமாகிறது என்றதும் பாடம் மறந்துபோயிற்று.

அது காலை ஷிப்ட். உள்ளே கசடு இறுகி, ஓட்டம் மெலிந்துவிட்டது. அவன் கம்பை விட்டான், போகவில்லை. உடம்பைச் சாய்த்து இன்னும் உள்ளே தள்ளினான். அந்தக் கம்பில் எங்கோ ஒரு பொந்து இருந்திருக்க வேண்டும், அதற்குள் தண்ணீர் தங்கியிருந்திருக்க வேண்டும். அது ஒரேயடியாக ஆவியாகி வெடித்தது. உருகியது துவாரத்தால் திருப்பித் துப்பியது. அவனுடைய முகக்கவசத்தில் இடப்பக்கம் வெடிப்பு. டேப் ஒட்டித்தான் பாவித்தான். புதுக் கவசம் கேட்டுக் கேட்டு எங்கள் வாய்தான் தேய்ந்திருந்தது.

அவன் கத்தவில்லை. கம்பை விட்டுவிட்டு, இரண்டடி பின்னால் வந்து, நிலத்தில் குந்தினான்.

"காக்கா, என்ட கண்ணு," என்றான். அவ்வளவுதான்.

உலை நிற்காது. நிறுத்தினால் உள்ளே எல்லாம் இறுகிவிடும், அது எனக்கும் தெரியும், அதற்காக நான் ஒருவரையும் ஏசவில்லை. ஆனால் அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவன் கையில் ஒரு கம்பைக் கொடுத்தார்கள். நான் பார்த்தேன். காய்ந்த கம்பு. தொட்டியிலிருந்து எடுக்கவில்லை, களஞ்சியத்திலிருந்து ஓடிப்போய்க் காய்ந்ததாய்க் கொண்டுவந்தார்கள். ஆகவே என்ன நடந்தது என்று அந்த நிமிடமே அவர்களுக்கு விளங்கிவிட்டது. பின்னேரம் நான் தளத்துக்குத் திரும்பியபோது தொட்டி இல்லை. வெட்டி எடுத்து, குழாயையும் கழற்றி, நிலத்தைக் கழுவி விட்டிருந்தார்கள்.

இடக்கண் போய்விட்டது. கன்னத்தில் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. வைத்தியசாலைக்கு நான் போனபோதெல்லாம் போர்மன் எனக்கு முன்பே அங்கே இருந்தார். திராட்சை, தோடம்பழம், சாறு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த அரைகுறை ஹிந்தியில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். நீ தெரியாமல் செய்துவிட்டாய். உங்கள் நாட்டுப் பழக்கம். உன்னை ஒருவரும் குறை சொல்லவில்லை. அந்த மனிதருக்கு அவன்மேல் இரக்கம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கூடிய ஆத்திரம். ஏசியிருந்தால் அவன் திருப்பி ஏசியிருப்பான்.

விசாரணை நடந்தது. தொழிலாளி தன் ஊர்ப் பழக்கத்தின்படி, தன் விருப்பத்துக்கு ஈரக்கம்பைப் பாவித்தார் என்று பாதுகாப்பு அதிகாரி வாசித்தார். சொந்தத் தவறால் காயப்பட்டவனுக்குக் கம்பனி ஒன்றும் செய்யத் தேவையில்லை. வேலையால் காயப்பட்டிருந்தால் ஆயுள் முழுக்கப் பொறுப்பு. எல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் நின்றது: அந்தக் கண் யார் கணக்கில்.

நான் எழும்பினேன். தொட்டியைக் கட்டினது யார் என்று கேட்டேன்.

எந்தத் தொட்டி என்று அதிகாரி கேட்டார்.

தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிலத்தைக் காட்டினேன். தொட்டி இருந்த இடத்தில் துருக் கறை நீளமாய், விளக்கமாய்க் கிடந்தது. அது எண்ணெய் என்றார். அதே தொட்டியில் கம்பு ஊறப்போட்டவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன், தமிழ் தெரிந்தவனுக்குத் தமிழில், மற்றவனுக்கு ஹிந்தியில். ஒருவன் பின் ஒருவனாய் உலைப் பக்கம் திரும்பிப் போனார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு, வேலை போய்விடும் என்ற பயம் உண்டு, எல்லாம் எனக்கு விளங்கும். விளங்கினாலும் கோபம் கோபம்தான், இன்றைக்கும். கண்ணை அவன் கணக்கிலேயே எழுதி, அவனை வெறுங்கையோடு ஊருக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தம் முடிந்தபோது அவர்களுக்கெல்லாம் புதுப்பித்தார்கள். எனக்கு மட்டும் இல்லை.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாய் ஆரையம்பதிக்குப் போனேன். அவனுடைய மனைவி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் தோணியை விற்றுவிட்டிருந்தான். ஒற்றைக் கண்ணோடு தூரம் மட்டுக்கட்ட முடியவில்லையாம். வலை வீசினால் நினைத்த இடத்தில் விழுவதில்லையாம்.

"இவர் தன்ட பிழ எண்டு புள்ளயளுக்கும் சொல்லி வெச்சிருக்கார் காக்கா," என்றாள் அவள். "ஆரும் கேட்டா அதத்தான் சொல்றார். நீங்களாவது சொல்லுங்க."

சொன்னேன். பொழுது சாயும்வரை இருந்து சொன்னேன். "நீ ஊறப்போட்டது பீப்பாயில. அந்தத் தொட்டி ஆர்ட? குழாய் ஆர் பூட்டினது? எல்லாரையும் போடச் சொன்னது ஆர்?"

"ஓம் காக்கா," என்றான்.

மட்டக்களப்பு டவுனில், வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் முறைப்பாட்டை எடுக்கிற ஒரு கந்தோர் இருக்கிறது. நான் தனியே போய் விசாரித்துவிட்டு வந்தேன். காயப்பட்டவர் தன் வாயால் நடந்ததைச் சொன்னால் தூதரகத்துக்கு எழுதலாம், வழி இருக்கிறது என்றார்கள். எனக்கு உசிர் வந்தது. அடுத்த கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். நாவற்குடா தாண்டும்வரை சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனேன். முதலில் தொட்டியைச் சொல், பிறகு கூட்டத்தில் போர்மன் பேசியதைச் சொல், கடைசியாக முகக்கவசம். எல்லாவற்றுக்கும் ஓம் என்றான்.

கந்தோரில் இருந்த அம்மா நல்ல மனுசி. அவனைக் கண்டதும் எழும்பி நின்று கதிரை காட்டினார். தண்ணீர் கொடுத்தார். அவசரப்படுத்தாமல் கேட்டார். நான் அவனுக்கு இடப்பக்கத்தில் நின்றேன்.

"முதல்ல கம்பத் தண்ணியில போடச் சொன்னது ஆரு?"

"ஒருத்தரும் சொல்லல்ல, மேடம். நானாத்தான் போட்டன்."

செருமினேன். கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் அவனுக்குக் கண் இல்லை. என் பக்கம் கிறுகிப் பார்க்கவும் இல்லை.

"மற்ற ஆக்களும் அப்படிச் செஞ்சாங்க எண்டு இவர் சொல்றார்." அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார். வழிவிட்டுத்தான் கேட்டார், பாவம். "அவங்களுக்குச் சொன்னது ஆரு?"

"நான் காட்டிக் குடுத்துத்தான் செஞ்சவங்க. அவங்கள்ல ஒருத்தன்ட கண்ணாவது போயிருந்தா நான் என்ன செய்வன், மேடம். ஆண்டவன் எனக்கே தந்துட்டான். அது நல்லதுக்குத்தான்."

"போர்மன் ஒண்டும் சொல்லல்லயா?"

"அந்த மனிசன் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தவர். அவர்ட தலையில பழியப் போட எனக்கு மனசு வரல்ல."

"அம்மா, இவனுக்கு அங்க ஓதிக் குடுத்திருக்கு, இவன் சொல்றது..." என்று நான் தொடங்கினேன்.

"நீங்க கொஞ்சம் இருங்க," என்றார் அவர். "அவர்ட வாயால வரணும். வராட்டி நான் எதத்தான் எழுத?" பேனையை மூடி வைத்தார்.

வெளியே வந்ததும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். கந்தோர் வாசலில், போகிற வருகிற சனம் நின்று பார்க்க, வாய்க்கு வந்தபடி ஏசினேன். மடையன் என்றேன். உன் பெண்சாதி ஆயுள் முழுக்க இடியப்பம் அவிக்கட்டும் என்றேன். ஏச வேண்டிய ஆட்கள் கடலுக்கு அந்தப் பக்கம், ஏசி போட்ட அறைக்குள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரையாவது என் வாழ்நாளில் இப்படி வாசலில் நிறுத்தி ஏச எனக்குக் கிடைக்காது. கைக்கு அகப்பட்டது இவன் ஒருவன்தான்.

நான் மூச்சு வாங்க நிறுத்தும்வரை அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு என்னைப் பார்க்க முழு உடம்பையும் திருப்பினான்.

"மன்னிச்சுக்கங்க காக்கா," என்றான். "உங்களையும் அலைய வெச்சிட்டன்."